நட்டின் மேல் மஞ்சள் கோடு

எங்கள் பக்கத்தில் ஒருவன் தன் பிக்கப் வண்டியில் தானே செய்த வேலையைக் குறை சொல்லக் கூடாது. அவன் வீட்டுச் சமையலைக் குறை சொல்லலாம், அவன் ஓட்டுப் போடும் கட்சியைத் திட்டலாம், அவன் போகும் தேவாலயத்தைக்கூடக் கிண்டல் பண்ணலாம். ஆனால் வண்டிக்கடியில் படுத்து ஸ்பேனர் பிடித்துவிட்டான் என்றால், "நல்லா இருக்கு" என்று தலையாட்டிவிட்டு நகர்ந்துவிட வேண்டும். இந்த மரியாதையைக் காப்பாற்றப் போய்த்தான் நான் என் அக்கா மார்லாவைப் பறிகொடுத்தேன்.

என் பெயர் கர்ட். நெப்ராஸ்காவின் மேற்கே கோல்டர் ஊரில், தானியக் கிடங்கைத் தாண்டினால் வரும் டயர் கடை என்னுடையது. இருபத்தாறு வருஷமாக வீல் அலைன்மென்ட் பார்க்கிறேன். இந்த வேலையில் என் ரத்தக் கொதிப்பை ஏற்றுவது ஒரே ஒரு விஷயம்தான்: பிக்கப்பின் மூக்கைத் தூக்கும் பைத்தியம். கம்பெனிக்காரன் பிக்கப்பை முன்பக்கம் தாழ்வாகவும் பின்பக்கம் உயரமாகவும் செய்து அனுப்புகிறான். பின்னால் பாரம் ஏறினால் மட்டமாக உட்காரட்டும் என்றுதான் அப்படி. நம் ஆட்களுக்கு அது பிடிக்காது. நாய் மோப்பம் பிடிக்கிற மாதிரி இருக்கிறதாம். ஷாக் அப்சார்பர் மேல் ஒரு இரும்பு வட்டை வைத்து முன்பக்கத்தை இரண்டு அங்குலம் தூக்கி மட்டப்படுத்திக்கொள்கிறார்கள்.

தூக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. தூக்கினால் சக்கரங்கள் நிற்கிற கோணம் மாறிவிடும், உடனே அலைன்மென்ட் பார்க்க வேண்டும். பாதிப் பேர் பார்ப்பதில்லை. ஆறு மாதம் கழித்து வருவார்கள். வெளியிலிருந்து பார்த்தால் டயர் புதுசு மாதிரி இருக்கும். வண்டியைத் தூக்கி உள்விளிம்பைத் தடவினால் மொட்டைத் தலை மாதிரி வழுக்கும். இரண்டு பக்கமும் சமமாகக் கோணியிருந்தால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கவும் இழுக்காது, நேராகத்தான் ஓடும். அதனால் டயர் வெடிக்கிறவரைக்கும் ஓட்டுகிறவனுக்கு ஒன்றும் தெரியாது. வருகிறவனை எல்லாம் நான் வாய்க்கு வந்தபடி திட்டுவேன். என்னிடம் திட்டு வாங்காதவன் இந்த வட்டாரத்தில் ஒரே ஒருவன்தான், அக்காவின் புருஷன் டுவெய்ன்.

டுவெய்ன் தானியக் கிடங்கில் வேலை பார்த்தவன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஏணியிலிருந்து விழுந்து முதுகெலும்பு உடைந்தது. உள்ளே கம்பியும் திருகாணியும் வைத்துத் தைத்தார்கள். அதற்கப்புறம் அவன் சோபாவை விட்டு எழுந்திருக்கவில்லை. சவரம் இல்லை, பேச்சு இல்லை, ஓடாத டி.வி.யைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பான். போன மார்ச்சில் அக்கா என் கடைக்கு வந்தாள். போர்வையில் சுற்றி எதையோ தூக்கிக்கொண்டு வந்தாள். அவனுடைய மான் வேட்டைத் துப்பாக்கி.

"இது உன்கிட்ட இருக்கட்டும்டா" என்றாள்.

"என்ன ஆச்சு அக்கா?"

"ஒண்ணும் ஆகல. ஆகக் கூடாதுன்னுதான் கொண்டுவந்தேன். வேற எதுவும் கேக்காத."

ஆயில் டிரம்களுக்குப் பின்னால் இருந்த இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினேன். சாவி இன்றைக்கும் என் இடுப்பில்தான் தொங்குகிறது.

ஜூன் மாதம் டுவெய்ன் எழுந்தான். ஏன் எழுந்தான் என்று யாருக்கும் தெரியாது. ஜன்னல் வழியாக அக்காவின் பிக்கப்பைப் பார்த்தவன், "இதோட மூக்கைத் தூக்கணும்" என்றானாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க முற்றத்தில் அதற்கடியில் கிடந்தான். இரும்பு வட்டைத் தானே வைத்தான். அலைன்மென்ட்டையும் தானே பார்த்தான், வண்டியின் இரு பக்கமும் நூல் கட்டி, டேப்பால் அளந்து, அந்தக் காலத்துக் கார் பந்தயக்காரர்கள் செய்கிற மாதிரி. முடித்ததும், சக்கரத்தின் கோணத்தைப் பிடித்துவைக்கிற டை ராட் கம்பியின் நட்டு மேல் மஞ்சள் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டான். பாதிக் கோடு நட்டில், பாதி ராடில். நட்டு ஒரு முடி அளவு நகர்ந்தாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். அன்றைக்கு ராத்திரி அவன் சவரம் செய்துகொண்டான் என்று அக்கா போனில் அழுதாள்.

செப்டம்பர் தொடக்கத்தில் பின் டயரில் ஆணி ஏறிவிட்டது என்று அக்கா வண்டியைக் கடைக்குக் கொண்டுவந்தாள். ஆணியைப் பிடுங்கப் போன நான், பழக்கதோஷத்தில் முன் சக்கரத்தின் உள்பக்கத்தைத் தடவினேன். வைத்த கையை எடுக்காமலே அக்காவைக் கூப்பிட்டேன்.

"அக்கா, இங்க வா. இங்க கைய வை."

"எதுக்குடா, கிரீஸு ஒட்டும்."

"வைன்னா வை."

வைத்தாள். "வழவழன்னு இருக்கு."

"வெளியே பாத்தா புது டயரு. உள்ளே மொட்டை. அந்தப் பக்கமும் இதே கதைதான். மச்சான் நூல் கட்டினாரே, ஜாக்கிய இறக்கினதும் வண்டிய முன்ன பின்ன ஒரு பத்தடி உருட்டினாரா?"

அவள் யோசித்தாள். "இல்லையே. இறக்கின இடத்துலயே அளந்தாரு."

"போச்சு போ. தூக்கி இறக்கினா சக்கரம் ஒடுங்கிக்கிட்டே நிக்கும் அக்கா. உருட்டினாத்தான் தன் இடத்துல உக்காரும். ஒடுங்கி நிக்கும்போது அளந்து நட்டை இறுக்கியிருக்காரு. ஓட்டின முதல் நிமிஷமே ரெண்டு சக்கரமும் வெளிய விரிஞ்சுக்கிச்சு."

"உருட்டினா நூலெல்லாம் கலைஞ்சிடும், மறுபடி கட்டணும்னா கீழ படுக்கணும்டா. அன்னிக்கு ஏற்கெனவே நாலு தடவை படுத்து எழுந்தாரு. நாலாவது தடவை எழுந்திருக்க முடியல, நான்தான் அக்குள்ல கைகொடுத்துத் தூக்கினேன்."

எனக்கு அதற்குமேல் திட்ட வாய் வரவில்லை. "சரி, நாப்பது நிமிஷம் குடு. மெஷின்ல ஏத்திச் சரிபண்ணித் தரேன். அவருக்குத் தெரியவே தெரியாது."

"தெரியும்" என்றாள் அக்கா. அந்த மஞ்சள் கோட்டைக் காட்டினாள். "தினமும் காலைல காபி கோப்பையோட வெளிய வந்து குனிஞ்சு இதப் பாக்கறாரு. கோடு உடையலன்னா அன்னிக்கு ஒழுங்கா சாப்பிடறாரு, பேசறாரு. ரெண்டு வருஷத்துல அவரு கையால செஞ்ச ஒரே வேலை இது. அதையும் நீ தப்புன்னு சொன்னேன்னா அந்த ஆளு எங்க போவாருன்னு உனக்குத் தெரியும்."

"டயராவது புதுசா மாத்திக்கயேன்."

"அவரு அளந்து மூணு மாசம்தான் ஆகுது, அதுக்குள்ள ஏன் மாத்தினேன்னு கேப்பாரே."

"செத்துத் தொலைவ அக்கா!"

"கத்தாதடா. நாப்பத்தஞ்சு மைல் வேகத்துக்கு மேல நான் போறதில்ல. கன்னுக்குட்டிங்கள வித்து முடியட்டும். அக்டோபர் கடைசில நானே அவருகிட்ட பக்குவமாச் சொல்றேன். அவரு கேட்டா நல்லா இருக்குன்னு மட்டும் சொல்லிடு. எனக்காக."

அன்று மாலையே டுவெய்ன் போன் செய்தான். குரலில் கூச்சமும் ஆசையும் கலந்திருந்தது. "மாப்ள, வண்டியத் தூக்கிப் பாத்தியாமே. எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு மச்சான்" என்றேன்.

அக்டோபர் மூன்றாவது வியாழக்கிழமை, ஆறு கன்றுகளை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு அக்கா சந்தைக்குப் புறப்பட்டாள். ஊருக்குக் கிழக்கே சாலை நீளமாகச் சரிந்து இறங்குகிற இடத்தில் இடது முன் டயர் வெடித்தது. பின்னாலிருந்து டிரெய்லரின் பாரம் தள்ள, வண்டி புரண்டு பள்ளத்தில் கிடந்தது. ஆம்புலன்ஸ் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நான் போனபோது, தப்பித்த மூன்று கன்றுகள் அவள் பக்கத்தில் நின்று புல் மேய்ந்துகொண்டிருந்தன. அந்தக் கன்றுகளின் மேல் எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தால் அசிங்கமாக இருக்கிறது.

அடக்கம் முடிந்து சர்ச்சின் கீழ்த்தளத்தில் பன்னும் பன்றி இறைச்சியும் வைத்தார்கள். ஊர்க்காரர்கள் சமைத்த உருளைக்கிழங்குப் பாத்திரங்கள் வரிசையாக வந்தன, ஒவ்வொன்றின் அடியிலும், திருப்பிக் கொடுக்க வசதியாக, கொண்டுவந்தவர் பெயர் எழுதிய ஒட்டுத்தாள். டுவெய்ன் எதையும் தொடவில்லை. என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டான். "வண்டி எங்க இருக்கு மாப்ள? நான் என் வேலையப் பாக்கணும்."

மறுநாள் காலை பத்து மணிக்குப் போகலாம் என்றேன். நான் எட்டரைக்கே பழைய வண்டிகள் குவித்து வைக்கும் அந்த யார்டுக்குப் போய்விட்டேன். வெடித்த டயரில் பார்க்க ஒன்றும் மிச்சமில்லை, கந்தல்தான். ஆனால் வலது முன் டயர் முழுசாக இருந்தது. உள்விளிம்பில் ரப்பர் போய்க் கம்பி தெரிந்தது. குழந்தைக்குக் காட்டினால்கூடக் காரணம் சொல்லிவிடும். சக்கரத்தோடு கழற்றி என் வேனில் போட்டு, மேலே தார்ப்பாய் மூடினேன்.

திரும்பி வந்து அடியில் எட்டிப் பார்த்தபோது அந்த மஞ்சள் கோடு கண்ணில் பட்டது. மண்ணும் எண்ணெயும் தெறித்திருந்தும் பளிச்சென்று தெரிந்தது. அப்போது என் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. அங்கே ஒரு பெயின்ட் பேனா இருந்தது. இறுக்கிய நட்டுகளை அடையாளம் வைக்க இருபத்தாறு வருஷமாகப் பையில் வைத்திருக்கிற பேனா. அதே மஞ்சள். செப்டம்பரில் அக்கா பேசிக்கொண்டிருந்தபோதும் அது இதே பையில்தான் இருந்திருக்கும். அவன் கோட்டைத் துடைத்துவிட்டு, சக்கரத்தைச் சரிசெய்து, அதே இடத்தில் அதே கோட்டை நான் போட்டிருக்கலாம். அவ்வளவுதான் வேலை. எனக்குத் தோன்றவே இல்லை. அந்த யார்டில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

பத்து மணிக்கு டுவெய்ன் வந்தான். அவனுக்கும் அக்காவுக்கும் பிறந்த மகள் ஓட்டிக்கொண்டு வந்தாள், கேலி என்று பெயர். இருபத்துநாலு வயது, அறுபது மைல் தள்ளி மாட்டு ஆஸ்பத்திரியில் வேலை. அவள் காரைவிட்டு இறங்கவில்லை. அவன் கைத்தடியைப் போட்டுவிட்டு மண்ணில் முழங்கால் ஊன்றி, பக்கவாட்டில் சாய்ந்து, வலி தாங்காமல் முனகிக்கொண்டே அடியில் போனான்.

"இந்தச் சக்கரம் எங்க?"

"யார்டுக்காரங்க கழட்டிட்டாங்க போல."

கையால் மண்ணைத் துடைக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் உள்ளிருந்து குரல் வந்தது. "உடையல மாப்ள. கோடு உடையல. ஒரு முடி அளவுகூட நகரல." வெளியே வந்து என் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டான். "நான் விட்ட மாதிரியே இருக்கு. அப்ப என் வேலையால இல்லையே? நீ சொன்னா நம்புவேன். என்னால இல்லையே?"

ஆமாம், அவன் விட்ட மாதிரியேதான் இருந்தது. அதுதான் அவளைக் கொன்றது. உன்னாலதான்டா என்று சொல்ல எனக்கு வெறி வந்தது. அவன் முகத்தில் அதை அறைந்தால் என் நெஞ்சுக்கு ஒரு நிமிஷமாவது ஆறுதலாக இருக்கும் என்று தோன்றியது. இடுப்பில் சாவி உறுத்தியது. ஒரு துப்பாக்கியைப் பூட்டிவைத்தால் என்ன, இந்த ஊரில் எந்தக் கதவைத் தட்டினாலும் இன்னொன்று கிடைக்கும்.

"இல்ல மச்சான். ரோட்டுல ஏதோ இரும்பு கிடந்திருக்கு. டயர் அதுல ஏறியிருக்கு."

அவன் என்னைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதான். நானும் அழுதேன். கேலி கார் கண்ணாடி வழியாக எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இதோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன். நவம்பரில் டுவெய்ன் போன் செய்தான், குரலில் பழைய உற்சாகம். "மாப்ள, வீட்டுக்கு வா. கேலி வண்டியப் பாரு."

கேலி பழைய பிக்கப் ஒன்று வாங்கியிருந்தாள். முற்றத்தில் அது முன்னும் பின்னும் ஒரே மட்டமாக, கம்பீரமாக நின்றது. மூக்கு தூக்கியாயிற்று. நூல் இன்னும் ஸ்டாண்டுகளில் கட்டியே இருந்தது. நட்டு மேல் மஞ்சள் பெயின்ட் காய்ந்துகொண்டிருந்தது.

"மச்சான்," என்றேன், "ஜாக்கிய இறக்கினதும் கொஞ்சம் உருட்டினா நல்லதும்பாங்க."

"எதுக்கு?"

"சக்கரம் உக்காரும்."

அவன் என்னை உற்றுப் பார்த்தான். கண் மெதுவாகச் சுருங்கியது. "மார்லா வண்டிய நான் உருட்டல. அது தப்பா?"

"சே, சே. மெஷின்காரங்க சொல்றது. அவனுங்களுக்கு வேற வேலை இல்ல."

"அதானே பாத்தேன். உனக்கு மெஷின் இருக்கு, எனக்குக் கண்ணு இருக்கு. அந்தக் கோடு நகரலன்னு நீயே பாத்த இல்ல?"

"பாத்தேன் மச்சான். நல்லா இருக்கு."

வெளியே வந்ததும் கேலியைக் கூப்பிட்டேன். "சனிக்கிழமை உன் அப்பா தூங்குற நேரத்துல வண்டிய என் கடைக்குக் கொண்டா. அவருக்குத் தெரிய வேண்டாம்."

அவள் ஏன் என்று கேட்கவில்லை. சனிக்கிழமை மதியம் சரியாக ஒன்றரைக்கு வந்தாள். மான் வேட்டை தொடங்கிய முதல் நாள், ஊரில் ஆண்கள் யாருமே இல்லை. வண்டியை மெஷினில் ஏற்றினேன். திரையில் இரண்டு முன் சக்கரமும் சிவப்பு. அக்கா வண்டியில் எந்தத் தப்போ அதே தப்பு, அச்சு அசலாக.

"சிவப்புன்னா என்ன மாமா?"

"ஆறு மாசத்துல டயர் போயிடும்னு அர்த்தம்."

"அப்பா போட்டதாலயா?"

நான் ஸ்பேனரைத் தேடினேன். அவள் அம்மா மாதிரியே பதிலுக்காக நின்றாள். இவளிடமும் பொய் சொல்ல என்னால் முடியவில்லை. "பின்னால தார்ப்பாய்க்கடியில ஒரு டயர் இருக்கு. போய்ப் பாரு" என்றேன்.

போனவள் நெடுநேரம் வரவில்லை. வந்தபோது வலது கையின் இரண்டு விரல்களில் ரத்தம். கம்பி குத்தியிருக்கிறது. துணி கொடுத்தேன், வாங்கிக்கொள்ளவில்லை.

"ரோட்டுல இரும்பு கிடந்துச்சுன்னு சொன்னீங்க."

"சொன்னேன்."

"அம்மாவுக்குத் தெரியுமா, டயர் இப்படி இருந்தது?"

"தெரியும். செப்டம்பர்ல நான் காட்டினேன். அப்பாகிட்ட சொல்லாதேன்னா. வண்டியச் சரிபண்ணவும் விடல, கோடு உடைஞ்சா அவரு உடைஞ்சிடுவாருன்னு. நானும் விட்டுட்டேன்."

அவள் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நான் வேலையைத் தொடங்கினேன். ஸ்பேனரை வைத்து நட்டைத் திருப்பியதும் மஞ்சள் கோடு இரண்டாக உடைந்தது. ராடைத் திருகினேன், திரையில் சிவப்பு மெல்லக் குறைந்து பச்சையானது. அந்தப் பக்கமும் அப்படியே. தின்னரில் துணியை நனைத்துப் பழைய கோட்டைச் சுத்தமாகத் துடைத்தேன். பையிலிருந்து பேனாவை எடுத்தேன். அவன் கோடு கொஞ்சம் சாய்வாக, முடிவில் தடித்து இருக்கும், கை நடுக்கத்தால். நானும் அதே சாய்வில், முடிவில் தடிப்பாகப் போட்டேன். ஏற்கெனவே சாலையில் ஓடிய வண்டிபோல இருக்கட்டும் என்று விரலால் கொஞ்சம் கிரீஸ் தடவினேன். அவனே வந்து பார்த்தாலும் தன் கோடு என்றுதான் சொல்வான்.

கடிகாரத்தைப் பார்த்தேன். முப்பத்தெட்டு நிமிஷம் ஆகியிருந்தது.

கேலி குனிந்து அந்தக் கோட்டைப் பார்த்தாள். என் கையிலிருந்த பேனாவைப் பார்த்தாள்.

"இந்தப் பேனா எப்பவும் உங்ககிட்ட இருக்குமா மாமா?"

"இருக்கும்."

"அம்மா வண்டிய அன்னிக்கு இப்படியே பண்ணியிருக்கலாம்ல?"

"பண்ணியிருக்கலாம்."

"ஏன் பண்ணல?"

தோணலம்மா என்றேன். அந்த வார்த்தை கடைக்குள் எவ்வளவு கேவலமாக ஒலித்தது என்று சொல்ல முடியாது. அவள் தலையை ஆட்டிக்கொண்டாள், யாரோ முன்பின் தெரியாத கடைக்காரன் ஏதோ விளக்கம் சொன்ன மாதிரி. சாவியை எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறினாள்.

எங்கள் பக்கத்தில் வண்டியில் போகிறவர்கள் எதிரே யார் நின்றாலும் ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு விரலைத் தூக்கிக் காட்டிவிட்டுத்தான் போவார்கள். ஆகாத பங்காளியாக இருந்தாலும் காட்டுவார்கள். கேலிக்கு அதைச் சொல்லிக்கொடுத்ததே நான்தான், மூன்று வயதில் என் மடியில் உட்கார்ந்து ஸ்டியரிங் பிடித்தபோது. நான் கடை வாசலில் நின்று கையைத் தூக்கினேன். ரத்தம் காய்ந்த விரல்கள் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்திருந்தன. வண்டி நேராக, துளிகூட அலையாமல், தானியக் கிடங்கைத் தாண்டிப் போனது. அவள் விரலைத் தூக்கவில்லை.